ஈரத்துக்குக் கழித்தது

செயற்கைக்கோளின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் படலம் தாழ்ந்த சுற்றுப்பாதையில் எவ்வளவு அரிபடும் என்று முன்கூட்டிச் சொல்வது என் தொழில். அதற்கு நான் நம்பியிருக்கும் ஓர் எண்ணின் கதையைப் பல வருஷமாகச் சந்தேகித்து வருகிறேன். அடுத்தவர் அளந்ததை வைத்து வாக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

கூரை

தானா ராத்தா மலைநகரில் வீட்டிலிருந்தே கணினியில் வேலை. லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடும் மச்சான் ஆறுமுகம், தன் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரை எப்போது கிழியும் என்று கேட்டார். அது வெயில் செய்கிற வேலை, என்னுடையது வேறு என்றேன். மேலே காற்று ஏறக்குறைய இல்லை. மிச்சமிருக்கும் ஆக்சிஜன் அணுக்கள்மீது செயற்கைக்கோள் அசுர வேகத்தில் மோதுவதால் முன்பக்கப் படலம் மெலிந்துகொண்டே போகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "ஆள் போவ முடியாத எடத்துக்கு ஜோசியம் சொல்ற, கண்ணால பாக்குற எடத்துக்குத் தெரியாதுங்கிற. நல்ல வேலை லா."

தடிப்பு

போன மாதம் சிறு செயற்கைக்கோள் கட்டும் குழு ஒன்று என்னை அணுகியது. படலம் ஓட்டையானால் வெப்பக் காப்பு குலைந்து கருவிகள் செத்துப்போகும். ஆனாலும் எடையைக் குறைக்க மெல்லிய படலம் போதுமா என்றார்கள். சூரியன் கொந்தளித்தால் மேலே காற்று பெருகி அரிப்பு கூடும், ஆகவே தடிப்பு இதிலிருந்து இதுவரை என்றேன். குழுவை நடத்தும் கவிதா சிரிக்கவில்லை. "சார், இதுலேருந்து இதுவரைன்னு படலம் வெட்ட முடியாது. ஒரு தடிப்பு சொல்லுங்க."

சேவியர் அண்ணன்

அந்தத் தடிப்பு சேவியர் அண்ணன் அளந்த அந்த ஓர் எண்ணில் நிற்கிறது. ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பின்னாளில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் நாங்கள். விண்வெளியிலிருந்து திரும்பி வந்த படலத்தை அவர்தான் எடை போட்டார். போகுமுன் இருந்ததைவிட எவ்வளவு குறைந்ததோ அதுதான் அரிப்பு. அது ஈரத்தைக் குடிக்கும் ஜாதி. வெற்றிடத்தில் உலர்த்திவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும். உலர்த்தினேன் என்றுதான் எப்போதும் சொல்வார். அந்த வாரம் வெற்றிட பம்ப் பழுதாகிக் கிடந்தது எனக்கு ஞாபகம். நான் கேட்டதில்லை. அவர் மனம் நோகும் என்றா, என் எண் போய்விடும் என்றா?

நேற்று பிரிஞ்சாங் ஒட்டுக்கடையில் டீ குடிக்கும்போது கவிதாவின் கோளைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். மெல்லிய படலம் என்றதும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மழை நாளில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தோட்டத்து எழுத்தர் கிராணி கண்மதிப்பாக ஈரத்துக்குக் கழிப்பாரே, அப்படி என்றார். "பம்ப் ஓடல தம்பி. ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிச்சு எழுதிட்டேன்."

கூடுதலாகக் கழித்திருந்தால் அரிப்பு அதிகமாகத் தெரிந்திருக்கும். என் கணக்கும் தடித்த படலம் கேட்கும், கோள் தப்பும். குறைவாகக் கழித்திருந்தால் ஓட்டைதான். எப்படியும் கவிதாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கிராணி எப்போதும் அநியாயத்துக்குக் கழிக்கிறார் என்று தராசடியில் சண்டை போட்ட கொழுந்துக்காரியின் மகன் நான், முதலில் இதைத்தான் கேட்டேன்: "அண்ணே, கிராணி கழிக்கிற அளவு கழிச்சீங்களா, எங்கம்மா கழிக்கச் சொல்ற அளவா?"