ஓ வகைத் தாய்க்கு ஏபி மகள்

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். குசினிக்குப் பின்னால், கிணற்றடிக்குப் போகிற வழியில், கவிழ்த்த வாளியின்மேல் இருந்துகொண்டு பாரை மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் குந்தியிருந்து, மடியில் கிடந்த உயிரியல் வினாத்தாளைப் பார்த்தபடி, "அம்மா, உங்களுக்கு என்ன பிளட் குறூப்?" என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஓ. ஓ பொசிட்டிவ்" என்றார். பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோல, யோசிக்காமல் வந்த பதில். மீன் செதில் ஒன்று அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அது மட்டும் எனக்கு இவ்வளவு துல்லியமாக ஏன் நினைவிருக்கிறதென்றால், அடுத்த நிமிடம் அந்த முகம் என் அம்மாவின் முகம்தானா என்று நான் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டேன்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த எல்லாருக்கும் சில கேள்விகள் மனப்பாடம். இழைமணியின் தொழில் என்ன, முதிர்ந்த செங்குருதிக் கலத்துக்கு ஏன் கரு இல்லை, ஒடுக்கற்பிரிவு எங்கே நடக்கிறது. புதுக்குடியிருப்பில் எங்களுக்கு ரியூசன் எடுத்த சேர் அவற்றையெல்லாம் 'எதிர்பார்க்கை வினாக்கள்' என்று தலைப்புப் போட்டு அச்சடித்துத் தருவார். பிறப்புரிமையியல் பகுதியில் அவர் ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்க்கிற கேள்வி ஒன்று உண்டு. ஏபி வகைக் குருதியுள்ள பிள்ளைக்கு ஓ வகைத் தாய் இருக்க முடியுமா? காரணம் தருக. விடை சுலபம். முடியாது. ஏபி பிள்ளை பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஏயையும் மற்றவரிடமிருந்து பியையும் வாங்கியிருக்க வேண்டும். ஓ வகைத் தாயிடம் கொடுப்பதற்கு இரண்டும் இல்லை. "வீட்டில உள்ள எல்லாற்ற குறூப்பையும் கேட்டு ஒருக்காக் கீறிப் பாருங்கோ பிள்ளையள். பிறகு சாகுமட்டும் மறக்காது" என்றார் சேர். அவர் சொன்னது சரிதான். எனக்கு மறக்கவில்லை.

என்னுடையது ஏபி. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெரிந்துகொண்டது. அப்பாவினுடையது ஏ. மாதா கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம் வைக்கும்போதெல்லாம் முதல் ஆளாகப் போய்ப் படுக்கிற மனிதர், அதில் பிழை வர வழியில்லை. அம்மா ஓ. அம்மாவுக்கு ஒரு வட்டமும் அப்பாவுக்கு ஒரு சதுரமும் கீறி, கீழே என்னை ஒரு சின்ன வட்டமாகப் போட்டுப் பார்த்தேன். கோடு என்னிடம் வந்து சேரவில்லை. மறுநாள் வகுப்பு முடிந்ததும் சேரிடம், "எப்பவாவது, அபூர்வமாயெண்டாலும் நடக்காதோ சேர்?" என்று கேட்டேன். "ஆயிரத்தில ஒண்டு எண்டாலும் உனக்கென்ன? சோதினைக்கு இயலாது எண்டு எழுது" என்றார்.

வேறு ஊர்ப் பிள்ளையென்றால் இதைச் சிரித்துவிட்டுப் போயிருக்கும். எங்கள் ஊரில் அப்படி விட முடியாது. போரின் கடைசி மாதங்களில் நான் நடக்கப் பழகிய குழந்தை. அந்த நாட்களில் யாருடைய கையிலிருந்த பிள்ளை யாருடைய கைக்குப் போனது என்று எல்லாருக்கும் தெரியாது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் அப்படி எடுத்து வளர்த்த பெண் இருந்தாள். ராசாத்தி மாதிரித்தான் வளர்த்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்களே என்பதுதான் என்னை எரித்தது.

கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. மறைக்க நினைக்கிறவரிடம் போய்க் கேட்டால் அவர் இன்னும் நன்றாக மறைப்பார். அதனால் கவனிக்கத் தொடங்கினேன். சேரின் வினாத்தாள்களில் எதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வரும் என்று இருந்ததோ அதையெல்லாம் வீட்டுக்குள் தேடினேன். என் காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியது. அம்மாவினுடையது தொங்குவது. எனக்கு நாக்கைச் சுருட்ட வரும். அம்மாவைச் சுருட்டச் சொன்னேன், "விசரே பிள்ளை உனக்கு?" என்று வாயை மூடிக்கொண்டார். ஏன் காட்ட மறுக்கிறார் என்று அதையும் கணக்கில் எடுத்தேன். எனக்குக் குழந்தைப் படம் ஒன்றுகூட இல்லை. என் பிறப்பத்தாட்சி மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எடுத்தது. ஊரில் என் வயதுப் பிள்ளைகள் பாதிப்பேருக்கும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, சந்தேகம் வந்தபிறகு எல்லாருக்கும் உள்ள குறை எனக்கு மட்டும் வைத்த பொறியாகத் தெரிந்தது. எனக்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பாவிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்பா அந்தக் கடைசி மாதங்களில் எங்களோடு இல்லை. இடம்பெயர்ந்து போகும்போது வேறு பக்கம் அகப்பட்டு, பிறகு முகாமில்தான் எங்களை வந்து கண்டவர். அம்மாவின் இடுப்பில், மொட்டை அடித்து, எலும்பும் தோலுமாக ஒரு பெண் குழந்தை இருந்ததாம். "எனக்கே உன்னை அடையாளம் பிடிக்க ஏலாமல் போச்சு" என்று அப்பா எத்தனையோ தரம் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அது. அதே கதையை இப்போது திரும்ப நினைத்துப் பார்த்தேன். அம்மா அப்பாவையும் ஏமாற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

பஸ் தரிப்பிடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் நடத்துகிற தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. சுற்றிவரப் படங்கள். ரியூசனுக்குப் போகும்போது யன்னலால் பார்த்துக்கொண்டு போகிற இடம். ஒருநாள் இறங்கி உள்ளே போனேன். பெரியவர்களின் படங்களை விட்டுவிட்டுக் குழந்தைகளின் படங்களை மட்டும் பார்த்தேன். ஒட்டின காதுச் சோணை, என் மூக்கு, என் நெற்றி. ஒரு குழந்தையின் முன்னால் கனநேரம் நின்றிருக்க வேண்டும். கதிரையில் இருந்த ஒரு அம்மா எழும்பி வந்து, "ஆரைப் பிள்ளை தேடுறீங்கள்?" என்று கேட்டார். அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவரும் தேடுகிறார் என்று விளங்கியதும் அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த முறை கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம் வந்தபோது, "அம்மா, நீங்களும் வந்து குறூப்பைப் பாருங்கோவன். பாடத்துக்கு வேணும்" என்றேன். தனக்குத் தலையிடி என்றார். பிறகு சட்டி அடுப்பில் இருக்கிறது என்றார். பிறகு, தனக்கு அந்த மணம் ஒத்துவராது, ஊசி, இரத்தம் ஒன்றையும் பார்க்க ஏலாது என்றார். ஒரு காரணம் சொன்னால் நம்பலாம், மூன்று சொன்னால் எப்படி நம்புவது? எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்கள் என்ர அம்மாதானோ எண்டு எனக்குப் பாக்கோணும்" என்று கத்திவிட்டேன். ஏன், எதனால் என்பதையும், ஓ வகைத் தாய்க்கு ஏபி மகள் பிறக்க முடியாது என்பதையும், அழுதுகொண்டே பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொல்லி முடித்தேன்.

அம்மா கோபிக்கவில்லை. அழவும் இல்லை. அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தார். உள்ளே போய்ச் சீலையை மாற்றிக்கொண்டு வந்து, "வா" என்றார். வழிநெடுக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த அமைதியும் சந்தேகமாகத்தான் இருந்தது. பயமில்லாமல் வருகிறாரா, இல்லை, இனி ஒளித்துப் பயனில்லை என்று வருகிறாரா?

தாதி அம்மாவின் விரலில் குத்தி, வெள்ளைப் பீங்கான் ஓட்டில் பக்கம் பக்கமாகத் துளிகளை வைத்தார். ஒன்றில் நீல மருந்து, மற்றதில் மஞ்சள் மருந்து. ஓ என்றால் இரண்டும் அப்படியே கிடக்கும். நான் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சள் துளியில் இரத்தம் மணல் மணலாகத் திரைந்தது. தாதி வாய் திறக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. "பி" என்றார் அவர். எனக்கு வந்த சந்தோசத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். ஏ அப்பா, பி அம்மா, ஏபி மகள். கோடு வந்து என்னைத் தொட்டுவிட்டது.

அம்மா என்னைத் திருப்பிக் கட்டிப்பிடிக்கவில்லை. "இல்லை மிஸ், எனக்கு ஓ. பிழைச்சுப்போச்சு. திரும்பப் பாருங்கோ" என்றார். தாதி சிரித்துக்கொண்டு இன்னொரு விரலில் குத்தினார். மறுபடியும் மஞ்சள் துளிதான் திரைந்தது. அம்மா அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயில் வளவில் வேப்பமரத்தின் கீழே இருந்த சீமெந்துத் திண்ணையில் வைத்துத்தான் அம்மா எனக்கு அதைச் சொன்னார். சித்தி, அதாவது அம்மாவின் ஒரே தங்கச்சி, கடைசி நேரத்தில் ஷெல் பட்டுச் செத்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆண்டுக்கொருமுறை அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம், அதற்குமேல் வீட்டில் கதை இருக்காது.

"பங்கருக்குள்ள இருந்த காலம் தன்ர குறூப்பை ஆரும் பாடமாக்கிறேல்லை பிள்ளை. பக்கத்தில இருக்கிற ஆளின்ரயைத்தான் பாடமாக்கிறது. காயப்பட்ட ஆள் வாய் திறக்காதெல்லே. கூட நிக்கிறவதானே சொல்லோணும்" என்றார் அம்மா. "நானும் சித்தியும் நித்திரையால எழும்பினா முதல் அதைத்தான் சொல்லுறது. அவள் என்ரயைச் சொல்லுவாள். நான் அவளின்ரயைச் சொல்லுவன். ஓ, பி. ஓ, பி. செபமாலை மாதிரி."

ஒருத்திக்கு ஓ, மற்றவளுக்கு பி. குறூப் எழுதியிருந்த அம்மாவின் கர்ப்பகாலக் கிளினிக் கொப்பி கடலோரத்தில் எங்கோ போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்த இரண்டு எழுத்தும்தான். அம்மா ஓயாமல் சொன்னது சித்தியின் எழுத்தை, சித்தி ஓயாமல் சொன்னது அம்மாவின் எழுத்தை. சொல்லிப் பழகிய வாய்க்குத் தான் சொன்னதே தன்னுடையது என்று எப்போதோ ஆகிவிட்டிருக்கிறது. எனக்கு அது விளங்கியதும், "சரியம்மா, அவ்வளவுதான். மாறிப்போச்சு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன்.

"அதுதான். எப்ப மாறினது?" என்று கேட்டார் அம்மா.

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

"அவளைத் தூக்கிக்கொண்டு போனது நான். மரத்துக்குக் கீழதான் ஆஸ்பத்திரி. குறூப் என்ன, குறூப் என்ன எண்டு ஒரு பெடியன் கேட்டவன். நான் உன்னை இடுப்பில வச்சுக்கொண்டு, பி, பி எண்டு கத்தினனான். அவங்கள் இரத்தம் ஏத்தினவங்கள். அப்பிடித்தான் எனக்கு ஞாபகம். மறக்காமல் சொல்லிப்போட்டன் எண்டு இவ்வளவு காலமும் மனசைத் தேத்திக்கொண்டு இருந்தனான்." அவர் தன் விரலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். "எனக்குத்தான் பி எண்டால், அவளுக்கு ஓ எல்லே."

சொல்லக்கூடியதையெல்லாம் சொன்னேன். வாயால் சொன்னதை நம்பி எந்த டொக்டரும் இரத்தம் ஏற்றமாட்டார், கலந்து பார்த்துத்தான் ஏற்றுவார் என்றேன். அந்த இடத்தில் எதை வைத்துக் கலந்து பார்த்திருப்பார்கள் என்று அம்மா கேட்டார். அன்றைக்கு நீங்கள் ஓ என்றுதான் சரியாகக் கத்தியிருப்பீர்கள், பிறகு ஞாபகம்தான் மாறியிருக்கும் என்றேன். "இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் நம்பவும் இல்லை, என்னோடு வாதாடவும் இல்லை. என் சந்தேகம் ஒரு ஊசிக்குத்தில் தீர்ந்துவிட்டது. அவருடையதைத் தீர்த்துவைக்க இந்த உலகத்தில் ஒரு சோதனையும் இல்லை.

இப்போது நான் வவுனியாவில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் விரல்களில் குத்திக்கொண்டிருக்கிறேன். யார் வந்து தன் வகை இதுதான் என்று சொன்னாலும் நான் நம்புவதில்லை, தேவையென்றால் இரண்டு தரம் பார்ப்பேன். வீட்டுக்குப் போகிற நாட்களில் அம்மா வேலையைப் பற்றிக் கேட்பார், நானும் சொல்லுவேன். போன மாதம் போயிருந்தபோது, உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஏன் பிள்ளை, மாறி ஏத்தினால் ஆளுக்கு என்ன செய்யும்?"

சேரின் எதிர்பார்க்கை வினாக்களில் அதுவும் இருந்தது. பொருந்தாத குருதி ஏற்றப்பட்டவரில் தோன்றும் அறிகுறிகள் எவை? குளிர் நடுக்கம், நாரி நோ என்கிற இடுப்பு வலி, மூச்சு முட்டல். முழுப் புள்ளியும் வாங்கிய விடை. "அது ஆளுக்கு ஆள் வித்தியாசமம்மா" என்றேன்.

அம்மா ஒரு சட்டையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "அவளுக்கு நடுங்கினது" என்றார். "அந்தக் கொதிக்கிற வெயிலுக்குள்ள, குளிருது அக்கா, குளிருது அக்கா எண்டவள். உன்னைச் சுத்தி வச்சிருந்த சீலையை எடுத்துத்தான் போர்த்துவிட்டனான்."

"இரத்தம் கனக்கப் போனாலே நடுங்கும். காயப்பட்ட எல்லாருக்கும் நடுங்குமம்மா" என்றேன். அது பொய்யில்லை. அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நாரி நோகுது என்றும் சித்தி சொன்னவரா என்று கேட்க எனக்கு வாய்வரைக்கும் வந்தது. நான் கேட்கவில்லை.