நூல் கோக்காத மெஷின்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் அரசாங்கத் தையல் பயிற்சி நடந்தபோது நான் அதிகாரியின் சிங்களத்தைத் தமிழில் சொல்லும் வேலையில் இருந்தேன். முழங்கால் வலியோடு கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, தையல் வேலை கிடைத்தால் மலையேற வேண்டாமே என்று தவறாமல் வருவார். துணி அழுக்காகிவிடுமென்று விரல்களின் தேயிலைக் கறையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துவிட்டுத்தான் வருவார்.

"ஒருதடவ தச்சுப் பாக்கவா தம்பி?"

இருந்ததே ஒரு மெஷின். பழுதாகிவிடுமென்று அதிகாரி யாரையும் தொடவிடவில்லை. கடைசி நாளில் மட்டும் படமெடுக்க அக்காவை அதன்முன் உட்காரவைத்தார்.

"நூலே கோக்கலையே தம்பி, எப்புடித் தைக்கிறது?"

அதிகாரியிடம் கேட்டேன்.

"நூல் படத்தில் தெரியாது. சிரிக்கச் சொல்லு."

அக்கா சிரிக்கவில்லை. இன்று அந்தப் படம் அதிகாரியின் அலுவலகச் சுவரில், 'வாழ்க்கை மாறியது' என்ற எழுத்துக்குக் கீழே தொங்குகிறது. அக்கா நொண்டிக்கொண்டே மலையேறுகிறார். விரல்களை இப்போது தேய்ப்பதில்லை.