வைத்தியர் ஜன்னலில் என் கால்

எழுத நான் ஆள் இல்லை என்பது எனக்கே தெரியும். பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவும் கூச்சம். பிழை இருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டிய இடங்களில் சொல்லாமல் விட்டதால்தான் என் கால் இந்த நிலைக்கு வந்தது. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன்.

மலையாளம் பேசும் ஊரில், பழவங்காடியில் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய் விற்கும் கடை ஒன்றில் இருபது வருடமாக நிற்கிறேன். உட்கார அங்கே இடம் கிடையாது. போன வருடம் மழைக்காலத்தில் டெம்போவிலிருந்து லோடு இறக்கும்போது மேலே இருந்த இரண்டு சாக்கு சரிந்து என் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. ஆஸ்பத்திரியில் எலும்புக்குள்ளே ஒரு கம்பியை இறக்கி, மேலும் கீழும் ஸ்குரு போட்டு, "ஊன்றி நடங்கள், ஐந்தாறு மாதத்தில் கூடிவிடும்" என்று அனுப்பினார்கள்.

பத்து மாதம் ஆகியும் கூடவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைக் குற்றவாளி மாதிரி விசாரித்தார்கள். ஆட்டுக்கால் சூப்பு குடித்தாயா, பிரண்டைத் துவையல் தின்றாயா, செவ்வாய்க்கிழமை தலை முழுகினாயா. கடை முதலாளி மட்டும் நேராகச் சொன்னார்: "கார்த்திகை பிறந்தா ஐயப்பமார் கூட்டம் வரும். அதுக்குள்ள நிக்க முடிஞ்சா உன் இடம் உனக்கு. இல்லைன்னா நான் வேற ஆளைப் போடணும்டே."

ஐந்தாம் மாதத்திலேயே என் மனைவியின் தம்பி என்னை ஆட்டோவில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு வைத்தியரிடம் கொண்டுபோயிருந்தான். "கத்தி வைக்கிறவன்கிட்ட போனா மறுபடியும் கத்திதான் வைப்பான், அத்தான். இவரு கைய வச்சா போதும்." நான் தலையாட்டினேன். வைத்தியர் எண்ணெய் போட்டு உழிந்து, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். காலை ஊன்றவே கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் ஊன்றச் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. நாலாம் மாதம் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கினார். "இது இவிட இருக்கட்டும் அண்ணாச்சி. பார்த்துப் பார்த்துத்தான் செய்யணும்." கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் போனேன். கால் வீங்கித் தோல் கறுத்ததுதான் மிச்சம்.

பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரி. புதுப் படம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா. என் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, விஷயத்தை மச்சினனிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வழி மூன்று உண்டு என்றார். எலும்பு மெதுவாகவாவது கூடிக்கொண்டிருந்தால், கீழ்ப்பக்கத்து ஸ்குருவை மட்டும் எடுத்துவிட்டு நடக்க வைக்கலாம். உடம்பின் பாரத்தில் இரண்டு முனையும் நெருங்கும். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கூடுவது நின்றே போயிருந்தால் அந்த மூன்று மாதம் வீண். அப்போது கம்பியை உருவிவிட்டுத் தடிமனான வேறு கம்பி போட்டு, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து முறிந்த இடத்தில் வைக்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் காலைச் சுற்றி வெளியே வளையங்கள் மாட்டி மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

"கூடுதா, நின்னு போச்சான்னு ரெண்டு படத்தையும் சேர்த்து வச்சாத்தான் அறிய முடியும். பழைய படம் எவிட?"

"அது காணாமப் போச்சு டாக்டர்," என்றான் மச்சினன். கண் கூடச் சிமிட்டவில்லை. வெளியே எடுத்த படம், அந்த லேபும் மூடியாயிற்று. வேறு பிரதி கிடையாது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சேட்டன் பீடி, சிகரெட் ஏதும் உண்டா? அது எலும்பு கூட விடாது."

மனைவி பக்கத்தில் நின்றாள். "இல்லை," என்றேன்.

"நாளைக்குள்ள படம் கிடைச்சா கொண்டு வாங்க. இல்லைன்னா ஸ்குருவை எடுத்துட்டு மூணு மாசம் பார்க்கலாம்."

வராந்தாவுக்கு வந்ததும் மச்சினன், "வைத்தியர்கிட்ட போனோம்னு சொன்னா அந்தம்மா கோவப்படும் அத்தான். ஸ்குருவை எடுக்கதுதான் நல்லது, சின்ன வேலை," என்றான். யாருடைய மூன்று மாதத்தை யார் தூக்கிக் கொடுப்பது? எனக்குக் காது சூடாகிவிட்டது. அவன் பைக்கை எடுக்கப் போனபோது நானும் மனைவியும் ஓர் ஆட்டோவில் ஏறி வைத்தியர் வீட்டுக்குப் போனோம்.

முன்னறை ஜன்னலில் எக்ஸ்ரே படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். வெயில் பட்டு எல்லோருடைய எலும்பும் பளபளவென்று தெரிந்தது. மூன்றாவது என்னுடையது. கீழே ஒரு ஸ்குரு கோணலாக நிற்கும். அதை வைத்தே எனக்குத் தெரியும். பெயர் இருந்த மூலையில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அதில் மலையாளத்தில் 'சுகமாயி', குணமாகிவிட்டது, என்று எழுதியிருந்தது. எலும்பின் நடுவே இடைவெளி கோடு போட்ட மாதிரி கிடக்கிறது. யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

"அந்தப் படத்தை எடுங்க," என்றேன்.

"அது வேற ஆளுக்குள்ளது அண்ணாச்சி. அசுகம் மாறிப் போன ஆள்."

பெஞ்சில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். ஓர் அம்மா மகளின் கையை மடியில் ஏந்திப் பிடித்திருந்தாள். பத்து மாதம் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினேன்.

"சுகமான ஆள் இந்தா நிக்கான், எல்லாரும் பாத்துக்கிடுங்க!"

பெஞ்சிலிருந்த ஒரு கிழவர், "நிக்கவா செய்யான்? கம்புல்லா நிக்குது," என்றார். யாரோ சிரித்தார்கள். வைத்தியர் என் தோளில் கை வைக்க வந்தார். "தொட்டது போதும்!" என்று கத்தினேன். அது என் குரல் மாதிரியே இல்லை. ஊன்றுகோலை நீட்டிக் கயிற்றை இழுத்தேன். எல்லாப் படமும் தரையில் விழுந்தது. மனைவி குனிந்து என்னுடையதை மட்டும் எடுத்து, முந்தானையால் துடைத்தாள். அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே வெளியே போய்விட்டாள்.

வைத்தியர் அதற்குள் சொல்லிவிட்டார் போல, ஆட்டோவில் மச்சினனின் போன் வந்தது. "என்ன அத்தான் இப்படிப் பண்ணிட்டீங்க? எனக்கு மானம் போச்சு!"

"உன் மானம் நாலு நாள்ல சரியாயிரும் மாப்ள. என் எலும்பு பத்து மாசமாச் சரியாகல." வைத்துவிட்டேன்.

வைத்தியர் மேல், மச்சினன் மேல், எல்லோரையும் விட என் மேல் கோபம். நான் சொல்லாமல் விட்டதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை. மனைவியிடம் சொன்னேன்: "டாக்டர்கிட்ட நானும் பொய்தான் சொன்னேன். பீடி உண்டு."

"தெரியும். சட்டையைத் துவைக்கது யாரு?" அவள் படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

மறுநாள் டாக்டரம்மா இரண்டு படத்தையும் விளக்கில் வைத்துப் பார்த்தார். இடைவெளி அப்படியே இருந்தது. வைத்தியரைப் பற்றியும் பீடியைப் பற்றியும் நானே சொன்னேன். கம்பியை மாற்றி இடுப்பெலும்பு வைப்பது என்று எழுதினார். மச்சினன் வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.