ஷ்னைடர் வீட்டு பெல்லும் ஆம்பூர் லிசனரும்

இந்த நாட்டில் அடுக்குமாடி வீட்டுக் கதவுகளுக்கு எண் கிடையாது. வந்த புதிதில் நான் நம்பவே இல்லை. தெருவுக்குப் பெயர் உண்டு, கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கிற வீடுகளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கீழே வாசலில் ஒரு தகடு, அதில் வரிசையாக பெல் பொத்தான்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குடும்பப் பெயர். அவ்வளவுதான் முகவரி. என் பொத்தானுக்குப் பக்கத்தில் எனக்கு முன்பு குடியிருந்தவரின் பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது: ஷ்னைடர். மாற்றித் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னார், மறந்துவிட்டார். நானும் நினைவூட்டவில்லை. எத்தனை காலம் இருக்கப்போகிறோமோ, அதற்குள் பெயரென்ன ஊரென்ன என்று ஒரு சோம்பல்.

போன வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது. இன்டர்காமில் ஒரு ஆண்குரல், “ஃப்ராவ் ஷ்னைடர்?” என்றது, திருமதி ஷ்னைடரா என்று. ஆமாம் என்பதற்கு “யா!” என்றேன், வாய் நிறைய நுரையோடு. பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போய், ஷ்னைடர் வீடு என்று முகவரி போட்டு எனக்கு வந்த பார்சலை வாங்கினேன். அப்போதுதான் பொறி தட்டியது. தகட்டில் என்ன பெயர் இருந்தால் என்ன? பெல்லை அடித்தால் உள்ளேயிருந்து யார் வாய் திறக்கிறார்கள் என்பதல்லவா கேள்வி? நேற்று முழுக்க அலுவலகத்தில் ஒரு சர்வரின் தகட்டைத்தானே நான் படித்துக்கொண்டிருந்தேன்! படியிலேயே ஒரு குதி குதித்தேன். பார்சல்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, “நல்ல நாளாகட்டும்” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப் போல எங்கெங்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆம்பூரில் பிறந்து, வேலூரில் கம்ப்யூட்டர் படித்து, ஜெர்மனியில் ஒரு காலணி கம்பெனியின் கணினிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவள் நான். விதியைப் பாருங்கள், இந்தக் கம்பெனிக்கு பூட்ஸ் தைத்து அனுப்பும் தொழிற்சாலைகளில் ஒன்று ஆம்பூரில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே ஒரு சர்வர் இருக்கிறது. அட்டைப்பெட்டிகள் கட்டி முடிந்ததும் ‘இத்தனை பெட்டி தயார், லாரி அனுப்பு’ என்ற செய்தி அதில் வரிசையில் போய் நிற்கும். சென்னையில் இருக்கும் சரக்கு ஏஜென்ட்டின் கணினி வந்து கதவைத் தட்டி அதை எடுத்துப் போகும். கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிரலுக்கு லிசனர் என்று பெயர். கதவுக்கு போர்ட் என்று பெயர். அதற்கு ஒரு எண் உண்டு. கட்டடமெல்லாம் பெயரை நம்பியிருக்கும் இந்த நாட்டில், என் பிழைப்பு மட்டும் கதவு எண்ணை நம்பியிருக்கிறது.

சிக்கல் இதுதான். திங்கட்கிழமை முதல் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் புது ஃபயர்வால். எந்தெந்த லிசனர் எந்தெந்த போர்ட்டில் இருக்கிறது என்று நான் ஒரு பட்டியல் தர வேண்டும். பட்டியலில் இல்லாத கதவெல்லாம் அடைக்கப்படும். ஆம்பூரில் ஒரு கதவை விட்டுவிட்டால் லாரி வராது, குளிர்கால பூட்ஸ் அத்தனையும் பேக்கிங் ஹாலிலேயே உட்கார்ந்திருக்கும், பழி இம்தியாஸ் தலையில் விழும். இம்தியாஸ் அந்தத் தொழிற்சாலையின் ஒரே கணினி ஆள். கல்லூரிக்கு என்னோடு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவன். போன மாதம்தான் அவனுக்கு வேறொரு தகராறில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று வந்தால் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வரை எனக்குக் கவலையே இல்லை. என்னோடு வேலை செய்யும் யூர்கன் வாரம் தவறாமல் எல்லா சர்வர்களையும் சோதித்து வைத்திருந்தார். ஆம்பூருக்கு ஒரே வரி: போர்ட் 1414. இந்த வகை சர்வருக்கு அதுதான் வழக்கமான எண். சர்வரின் அமைப்பிலும் அதே எண்தான். சென்னை ஏஜென்ட்டுக்கும் எழுதிக் கேட்டேன். ‘தங்கள் தரப்பில் விசாரித்துத் தெரிவிக்கவும்’ என்று, நான் கேட்ட கேள்வியையே எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த நடையைப் படித்ததும் ஊர் நினைப்பில் கண்ணில் நீர் வராத குறை.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். தூரத்திலிருந்தே ஆம்பூர் சர்வருக்குள் நுழைந்து, யூர்கன் கேட்காத கேள்வியைக் கேட்டேன். எந்த போர்ட் திறந்திருக்கிறது என்பதோடு நிற்காமல், அதைத் திறந்து வைத்திருப்பது யார் என்றும் கேட்டேன். netstat என்ற சின்னக் கட்டளை அதைச் சொல்லும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிரே அங்கே உட்கார்ந்திருக்கும் நிரலின் எண் வரும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் அகப்படுவான். அகப்பட்டான். 1414-இல் உட்கார்ந்திருந்தது எப்போதோ ஒத்திகைக்காக வைத்த ஒரு லிசனர். அதன் வரிசையில் ஒரு செய்தி கூட இல்லை. பல காலமாக யாருமே தட்டாத கதவு!

“யூர்கன், இது வெற்று வீடு!” என்று கத்தினேன். அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். “அப்படியென்றால் உண்மையான வீடு எது?”

தெரியவில்லை. வேறு லிசனரே இல்லை. மறுபடி பார்த்தேன், இல்லை. ஆனால் பூட்ஸ் மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருக்கிறது! இம்தியாஸுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. “ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றை மட்டும் எழுது” என்றார் யூர்கன். “என் சோதனை ஒவ்வொரு வாரமும் இதையேதான் காட்டுகிறது.”

“ஒவ்வொரு வாரமும் எப்போது சோதிக்கிறீர்கள்?”

“வெள்ளிக்கிழமை காலை. காபிக்கு முன்னால். எப்போதும்.”

வெள்ளிக்கிழமை. இங்கே காலைக் காபி வேளை. அங்கே? விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆம்பூரில் ஜும்மா தொழுகை நேரம்! எங்கள் ஊரில் வளர்ந்த குழந்தைக்குக் கூடத் தெரியும், வெள்ளிக்கிழமை மதியம் ஆம்பூரில் எதுவும் நடக்காது. பட்டறைகளில் மிஷின் நிற்கும். கடை ஷட்டர் பாதிக்கு இறங்கியிருக்கும். பைபாஸ் வரைக்கும் தொப்பி போட்ட தலைகள். அந்த நேரத்தில் எங்கள் அப்பா மிளகாய்த்தூள் வாங்கக் கூடக் கிளம்ப மாட்டார்; அவசரம் என்று அம்மா சொன்னால், “பாய் தொழுதுட்டு வரட்டும், மிளகா இன்னா ஓடியா போய்டும்?” என்பார். இருபத்துச் சொச்சம் வருடம் அந்த நேரத்தை உடம்பிலேயே வைத்திருந்தவள், நாலு பனிக்காலத்தில் அதைத் தொலைத்திருக்கிறேன். தொலைத்ததற்கு வருத்தப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த நிமிடம் கண்டுபிடித்த குஷிதான் மேலே நின்றது.

இம்தியாஸே கூப்பிட்டான். “இன்னா ஜெர்மன் மேடம், இத்தினி மிஸ்டு கால்? இன்னா தீப்பிடிச்சுக்கிச்சா?”

“ஜும்மாவுக்கா போய்ருந்த?”

“பின்ன சினிமாக்கா? வெள்ளிக்கெழமைன்னே மறந்துட்டியா? அங்க போய் நல்லா கெட்டுப் போய்ட்ட.”

“சரி, கெட்டுப் போய்ட்டேன். அந்த நேரத்துல சர்வர்ல இன்னா பண்ணுவீங்க?”

“பேக்கிங் லைன் நிக்கும்ல, அப்பதான் பேக்அப் ஓடும். எனக்கு முன்னாடி இருந்தவரு எழுதி வெச்சது. எதையோ நிறுத்தும், முடிஞ்சதும் திரும்ப எடுத்துவுடும். நான் அதுல கையே வெக்கல, வெச்சா பேஜார்.”

“இப்ப முடிஞ்சுதா?”

“ரெண்டு நிமிஷம் இரு... ஆங், முடிஞ்சுது.”

மறுபடி netstat. இப்போது இரண்டு வரிகள். கீழ்வரிக்கு எதிரே இன்னொரு லிசனர், அதன் பின்னால் நிஜமான வரிசை, அதில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பு கட்டிய பெட்டிகளின் செய்திகள். யாரோ கையால் எழுதிய கட்டளை பேக்அப் முடிந்ததும் அதை எழுப்பிவிடுகிறது; அதனால்தான் அமைப்பில் எங்கேயும் அதன் பெயர் இல்லை. எண்ணைப் பார்த்தேன். 1786.

“டேய் இம்தியாஸ், ஆயிரத்து எழுநூத்தி எம்பத்தாறு!”

போனே அதிரும்படி சிரித்தான். “எழுநூத்தி எம்பத்தாறுன்னா அது எனக்கு முன்னாடி இருந்த பாய் வேலதான், வேற யாரு வெப்பாங்க! வெறும் 786 வெச்சா சின்ன நம்பரு, வேறெதோடயாவது மோதும்னு முன்னாடி ஒண்ணு சேத்துக்கினு இருப்பாரு. ஜாஸ்தி மூளை அந்த ஆளுக்கு.”

யூர்கன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “1786-ஆ? அந்தத் தொழிற்சாலை அவ்வளவு பழையதா?” என்று மரியாதையோடு கேட்டார். அவர் மேல் தப்பில்லை. இந்த ஊரில் ரொட்டிக் கடை முதல் சாராயக் கடை வரை பிறந்த வருடத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு இலக்கத்தைக் கண்டால் இவர்களுக்கு வருடம்தான். இல்லை, எங்கள் ஊர் முஸ்லிம்களுக்கு 786 இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்குவது மாதிரி, வண்டிக்கும் போனுக்கும் தேடிப் பிடித்து வாங்குவார்கள் என்றேன். “அப்படியானால் நீ முஸ்லிமா?” இல்லை என்றேன். “பிறகு ஏன் உனக்கு இவ்வளவு சந்தோஷம்?”

எப்படிச் சொல்வது? எங்கள் அப்பா ஒருமுறை பேரணாம்பட்டிலிருந்து பழைய டிவிஎஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். எண்ணைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு பாயம்மா வெளியே வந்து, “ஹாய் அல்லா, அண்ணனுக்கு இன்னா நம்பரு கெடச்சிருக்கு பாரு!” என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அந்த வண்டி தள்ளினால் மட்டுமே ஓடும் நிலைக்கு வந்த பிறகும் அப்பா விற்கவில்லை. குங்குமம் வைத்த ஹெட்லைட்டும் கடைசியில் 786-மாக அது இன்னும் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. இதையெல்லாம் ஜெர்மனில் சொல்ல எனக்கு இலக்கணம் போதாது. “எங்கள் வண்டியும் அதே எண்” என்றேன். யூர்கன் தலையாட்டினார். ஒன்றும் புரியவில்லை என்பதற்கு அவர் ஆட்டும் ஆட்டம் அது.

இம்தியாஸ் ஒரு சோதனைச் செய்தி போட்டான். சென்னை ஏஜென்ட்டின் கணினி 1786-ஐத் தட்டி அதை எடுத்துப் போனதை நான் இங்கிருந்தே பார்த்தேன். பட்டியலில் ஆம்பூருக்கு எதிரே எண்ணை எழுதி, யூர்கனிடம் கையெழுத்து வாங்கினேன். திங்கட்கிழமை ஃபயர்வால் ஏறியது. லாரியும் வந்தது. இம்தியாஸுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. எனக்குத்தான் அவனிடமிருந்து லாரியின் படம் வந்தது, அதன் எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டத்தோடு. 786 எல்லாம் இல்லை, வெறும் சாதாரண எண். ‘கம்மி நம்பர், ஆனா வந்துச்சு தோஸ்த்’ என்று கீழே எழுதியிருந்தான்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மாவுக்கு லிசனர் புரியவில்லை, ஷ்னைடர் புரிந்தது. “அது இன்னாடி அதிசயம்? இங்கயும் அதான” என்றாள். ஆன்லைனில் பொருள் வாங்க அம்மா இன்றைக்கும் என் கணக்கைத்தான் பயன்படுத்துகிறாள். டெலிவரி பையன் கேட்டில் நின்று “மஞ்சுளா மேடம்!” என்று கத்துகிறான். அம்மா, “தோ வர்றேன்!” என்று போய் வாங்கிக்கொள்கிறாள். தெருவில் அவளை இப்போது பாதிப் பேர் மஞ்சுளாம்மா என்றே கூப்பிடுகிறார்களாம். அங்கே என் பெயருக்கு அம்மா கதவைத் திறக்கிறாள். இங்கே யாரோ ஒருவரின் பெயருக்கு நான் திறக்கிறேன். இரண்டு கதவிலும் பார்சல் ஒழுங்காகத்தான் வந்து சேர்கிறது.

அடுத்து பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் ஆலையின் சர்வர். அங்கே என்ன எண் இருக்கும் என்று இம்தியாஸும் நானும் மக்கன் பேடா இனிப்புக்குப் பந்தயம் கட்டியிருக்கிறோம். இந்த முறை புதன்கிழமை பார்க்கப்போகிறேன். அதற்கு முன்னால், இந்த சனிக்கிழமை, பெல் தகட்டில் என் பெயரை ஒட்டுவதாக முடிவு. ஷ்னைடரைக் கிழிக்க மனம் வரவில்லை, அவருக்குக் கீழேயே இடமிருக்கிறது. ஊரில் அம்மாவிடம் இருக்கும் மஞ்சுளாவை அவளே வைத்துக்கொள்ளட்டும், இங்கே நான் இன்னொரு மஞ்சுளா எழுதிக்கொள்கிறேன். ஒட்டினால் போதுமா, பெல் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டாமா? நான் கீழே நின்று அழுத்தினால் மேலே கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் அம்மாவை வீடியோ காலில் பிடித்து, போனை மேசைமேல் நிறுத்திவிட்டு, நாலு மாடி இறங்கி, என் பெயரை நானே ஒருமுறை அழுத்தப்போகிறேன். பிறகு மூச்சிரைக்க மேலே ஓடி வந்து ஆம்பூரைக் கேட்க வேண்டும்: “கேட்டுச்சாம்மா?”