சின்ன மாமாவின் மனசைப் படித்த பத்து நாள்

மனித மனத்தைப் பற்றிய புத்தகங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். எனக்கு அது முற்றிப்போய் வந்தது. பாபநாசம் நூலகத்தில் மனோதத்துவமும் தத்துவமும் ஒரே அலமாரியில் இருந்தன. ஒரு வருஷத்தில் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை முடித்துவிட்டேன். அதன் பிறகு என் கண்ணில் பட்ட யாரும் தப்பவில்லை. பால்காரர் பேசும்போது மூக்கைத் தொட்டார் என்பதற்காக, பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று முடிவுகட்டி ஒரு வாரம் முறைத்தேன். அவருக்கு ஜலதோஷம். அதுகூடத் தெரியாமல் நான் மனித மனத்தின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் முதல்முறையாக எங்கள் இரண்டு ஏக்கரையும் நான் தனியாகச் சாகுபடி செய்தேன். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். நாற்று விட்டதிலிருந்து உரம் போட்டது வரை அவர் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். புறப்படும்போதே அவர் சொல்லியிருந்தார்: "இந்த சம்பா சரியா வரலைன்னா பேசாம குத்தகைக்கு விட்டுடலாம்." சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் கதிர் பால் பிடித்த நாளிலிருந்து, அந்த நிலத்தை வேறொருவர் கையில் பார்க்க என்னால் முடியாது என்று ஆகிவிட்டது. காலையில் காபி குடிக்கும் முன்னால் வயலுக்கு ஓடினேன். பைத்தியம் பிடித்தவள் மாதிரி கதிரோடு பேசினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட.

பொங்கல் முடிந்ததும் நெல் பழுத்துவிட்டது. மழை வரும் என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். பழுத்த கதிர் மழையில் சாய்ந்தால் தரையிலேயே முளைத்துவிடும். உடனே மெஷின் விட்டு அறுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். எங்கள் வயல் உள்ளே இருக்கிறது. ரோட்டிலிருந்து வரும் அறுப்பு மெஷின் முன்வயலைத் தாண்டித்தான் வர முடியும். முன்வயல் சின்ன மாமாவுடையது. அவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. தாமதமாக நட்டதால் அவருடைய பயிர் இன்னும் பச்சை. வரப்போரமாக மெஷின் அகலத்துக்கு அவர் கையால் அறுத்து வழி விட்டால்தான் என் நெல் கரையேறும். கொஞ்சம் நெல் அவருக்கு நஷ்டம்தான். அதற்கு ஈடாக என் நெல்லில் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்.

வேறு யாராயிருந்தாலும் போய், "மாமா, வழி விடுங்க" என்று கேட்டிருப்பார்கள். நான் புத்தகம் படித்தவள் அல்லவா, நேரடியாகக் கேட்பேனா? எடுத்த எடுப்பில் கேட்டால் மனசு மூடிக்கொள்ளும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதுவும் சின்ன மாமா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இப்படிப்பட்டவரை முதலில் படிக்க வேண்டும், பிறகு பக்குவப்படுத்த வேண்டும், கடைசியில்தான் கேட்க வேண்டும் என்று திட்டம் போட்டேன்.

முதலில் கொடு, பிறகு கேள். அதுதான் முதல் பாடம். ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுபோனேன். வாங்கியவர் மனசில் கடன்பட்ட உணர்வு தானாக ஊறுமாம். இதை எழுதியவர் எங்கள் ஊரில் பெண் எடுக்கவில்லை போலிருக்கிறது. மறுநாளே மாமா வீட்டு அத்தை அதே தூக்கில் கைமுறுக்கை நிரப்பித் திருப்பி அனுப்பிவிட்டார். வந்த பாத்திரத்தை யார் வெறுமனே அனுப்புவார்கள்? கணக்கு நேராகிவிட்டது. விடுவேனா, எள்ளுருண்டை கொண்டுபோனேன். சோமாசி வந்தது. கொல்லையில் பழுத்த பூவன் சீப்பைக் கொண்டுபோனேன். மொச்சைக்கொட்டை வந்தது. ஒரு வாரத்தில் எங்கள் இரண்டு வீட்டிலும் சமைக்கவே தேவையில்லாமல் போயிற்று.

இரண்டாவது பாடம், எதிராளி உட்கார்ந்திருப்பது போலவே நாமும் உட்கார வேண்டும். அப்படிச் செய்தால் நம்மைத் தன்னவள் என்று அவர் மனசு நினைக்குமாம். சின்ன மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நானும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினேன். மருமகள் முறையில் இருக்கிறவள் மாமாவுக்கு நேராகக் காலை நீட்டினால் என்ன ஆகும்? காபி கொண்டுவந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். மாமாவுக்கு முட்டிவலி, அதனால் நீட்டியிருக்கிறார். "உனக்கும் முட்டி வலியாம்மா?" என்று அத்தை கேட்டபோது, ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. தைலம் தேய்த்து அனுப்பினார்.

மூன்றாவது பாடத்தில்தான் நான் குடைசாய்ந்தேன். பெரிய உதவி வேண்டுமானால் முதலில் சின்ன உதவி கேள். சின்னதைச் செய்தவர் பெரியதையும் செய்வார். அந்தக் கூடத்தில் மிகச் சின்னப் பொருள் எது என்று சுற்றிப் பார்த்தேன். ஆணியில் பஞ்சாங்கம் தொங்கியது. "மாமா, பஞ்சாங்கத்த ரெண்டு நாளைக்குக் குடுக்குறீங்களா?" என்று கேட்டேன். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

இதற்கிடையில் வானம் கருக்க ஆரம்பித்தது. தத்துவத் தட்டில் படித்த ஒன்று ஞாபகம் வந்தது: உன் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்து வை, இல்லாததை நினைத்துக் கலங்காதே. நோட்டில் கோடு போட்டு எழுதினேன். கையில் இல்லாதவை: மழை, மெஷின், முன்வயல், மாமா. கையில் இருப்பவை: தூக்கு. நல்ல தத்துவம்தான், அழுகை வந்ததே தவிர அமைதி வரவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் ரவா லட்டோடு போனேன். நல்ல புடவை கட்டியிருந்தேன், கவனமாக உடுத்தினால் மதிப்பு கூடுமாம். மாமா என்னை உட்காரச் சொன்னார். அத்தையும் உட்கார்ந்தார். எம்.எஸ்சி. படிக்கிற அவர்கள் பெண் கதவோரம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், முகத்தில் கடுகு வெடித்தது. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான் கேட்டறியாத நீளத்துக்குப் பேசினார்.

"ஒந் தம்பி நல்ல புள்ளைதாம்மா, நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா பாப்பா இன்னும் படிக்கணும்ங்குது. ரெண்டு வருசம் போகட்டும், அப்பறம் பேசலாம்."

எந்தத் தம்பி, எந்தப் பேச்சு என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் விழுந்தது. தினமும் பலகாரம், பழம், பட்டுக்கரைப் புடவை. பெண் என்ன படிக்கிறாள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டது. வந்தவள் வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லாமல் முகம் முகமாகப் பார்த்தது. போதாக்குறைக்குப் பஞ்சாங்கம் வேறு! ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு அவள் முறைப்பெண்தான். எங்கள் ஊரில் பெண் கேட்கிறவர்கள் இப்படியேதான் வருவார்கள். ஐயோ, என் மானம் கப்பலேறிவிட்டது.

படித்ததெல்லாம் பறந்துவிட்டது. "மாமா, எனக்குப் பொண்ணு வேணாம். மெஷின் போக வழி வேணும்" என்றேன்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். சிரித்துச் சிரித்துக் கதவோரமாகவே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை, கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழிதானா? காலையிலேயே அறுத்துவுட்டுர்றேன்" என்றவர், முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். "நாலு நாளா ஒன் கதிரப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இவ ஏன் அறுக்காம இருக்கான்னு. அவன் போன் பண்ணி, குத்தகைக்கு எடுத்துக்கங்க சித்தப்பான்னான். ஒனக்கு வெள்ளாமையில மனசில்லன்னு நெனச்சேம்மா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் ஏற்கெனவே பேசியிருக்கிறார். என் மனசு வயலில் இல்லை என்று இவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் அங்கேயே கிடந்த என்னைப் பற்றி! கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்று பார்த்தால், நான் யாரிடம் என்ன சொன்னேன்?

மறுநாள் விடிந்ததும் மாமாவும் இரண்டு ஆட்களும் வரப்போரமாக அறுத்துக்கொண்டே போனார்கள். நானும் அரிவாளோடு இறங்கினேன், ரவா லட்டு சாப்பிட்ட தெம்பில் அந்தப் பெண்ணும் வந்தாள். பதினோரு மணிக்குச் செயின் சக்கரம் போட்ட அறுப்பு மெஷின் அந்த வழியாக ஆடி ஆடி என் வயலுக்குள் வந்தபோது நான் வரப்பில் நின்று கை தட்டினேன், டிரைவர் சிரித்தார். மூன்று மணிக்குள் அறுத்து முடிந்தது. சாயங்காலம் முதல் தூறல் விழுந்தபோது, என் நெல் மொத்தமும் களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. நான் நனைந்துகொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அங்கேயிருந்தே என் வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன். அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் ஒரு திட்டம் வைத்திருந்தேன்: முதலில் பாராட்டு, நடுவில் விஷயம், கடைசியில் மறுபடி பாராட்டு. முகம் தெரிந்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது.

"ஏங்க, நெலத்த யாருக்கும் குத்தகைக்கு விடாதீங்க. எனக்குப் பிடிச்சிருக்கு. நானே செய்றேன்."

திரையில் அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கைத் தொட்டாரா, கண்ணைத் தாழ்த்தினாரா, எதுவும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இத்தனை மாதமாக அவர்தான் வயலைப் பற்றி எனக்குச் சொல்வார், இன்னது போடு, இன்ன தேதியில் போடு என்று. ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

"அப்ப, அடுத்து உளுந்து தெளிக்கப் போறியா, பயறா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உளுந்து" என்றேன்.