அவளுக்குத் தெரியாமல் போட்ட உரம்

என் தங்கை புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு சூட்கேஸும் ஒரு தையல் மிஷினும் கொண்டுவந்தாள். சோழவரத்தில் நாலு வருஷக் குடித்தனம். மாப்பிள்ளை அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். முதல் வருஷம் ஏதோ ஒரு சண்டையில் பேச்சை நிறுத்தியவர், அதற்கப்புறம் அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார். அவர் பேசாததால் வீட்டில் மற்றவர்களும் வேலை சொல்வதற்கு மட்டும் அவளிடம் வாயைத் திறந்தார்கள். இதை அவள் அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

நாங்களும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது மரியாதை என்று நினைத்தோம். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு பக்கமும் கூடிப் பேசினார்கள். தங்கை இப்படி வீட்டோடு இருந்தால் எனக்குப் பெண் கிடைக்காது என்று ஒரு சித்தப்பா அவள் காதில் விழும்படியே சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த காபியைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. அவள்தான் பேசினாள். மாமனாரைப் பார்த்து, "பங்குனி கடைசி வரைக்கும் டைம் குடுங்க மாமா. ஒரு பயிர் வெக்கிறேன். அது நல்லா வந்தா நான் இங்கியே என் கால்ல நின்னுக்கிறேன். வரலைன்னா நானே பொட்டிய எடுத்துக்கினு உங்க ஊட்டுக்கு வரேன்" என்றாள்.

பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவள் ஏன் அப்படி ஒரு நிபந்தனையைத் தன் தலையில் தானே கட்டிக்கொண்டாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நாங்கள் யாரும் 'இரு' என்று சொல்லவில்லை. அதனால்தான் என்பது இப்போது புரிகிறது.

ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது நெல் வயல்தான். போர் செட்டை ஒட்டிய மேட்டுத் துண்டில் மட்டும் வருஷா வருஷம் தக்காளி நடுவோம். அதே மேட்டில் கால் ஏக்கரில் அவளுக்கென்று ஒரு பசுமைக்குடில் போட்டோம். இரும்புக் குழாய் வளைவுகள், மேலே வெள்ளைப் பாலித்தீன், சுற்றிலும் பூச்சி வலை. அதற்கான பயிற்சிக்குப் போய்வந்த தங்கை அதைப் பாலிஹவுஸ் என்றாள். வீட்டில் எல்லோருக்கும் அது கூடாரம்.

தை பிறந்ததும் இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் நாற்று நட்டோம். வெளி வயல் அம்மாவுக்கும் அப்பாவுக்கும், கூடாரம் தங்கைக்கு. நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்காலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். இரண்டுக்கும் வேடிக்கை பார்ப்பவன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளி வயலில் உரம் வைப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அடியுரமாகக் குப்பை எரு, நட்டு ஒரு மாதம் கழித்து மேலுரம். யூரியாவையும் பொட்டாஷையும் கலந்து ஒரு அன்னக்கூடையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா குனிந்தபடியே வரிசையில் போவாள். செடிக்கு ஒரு சாண் தள்ளி, நாலு விரலில் கிள்ளி எடுத்த அளவு. தண்டில் பட்டால் வெந்துவிடும். பின்னாலேயே அப்பா மண்வெட்டியால் மண்ணை இழுத்து அணைப்பார். அப்புறம் வாய்க்காலில் தண்ணீர். எடை போட்டுப் பார்த்ததெல்லாம் கிடையாது, கைதான் கணக்கு. கொஞ்சம் கூடிப்போனால் பாய்ச்சும் தண்ணீர் கீழே இறக்கிவிடும். மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். வெளி வயல் தப்பைப் பொறுத்துக்கொள்ளும்.

கூடாரத்தில் அப்படி இல்லை. மழை உள்ளே வராது. செடிக்குப் போவது சொட்டுக்குழாயில் இறங்கும் தண்ணீர் மட்டும். தங்கை சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, ஒரு நீல டிரம்மில் உரத்தைக் கரைத்து, அந்தத் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் விடுவாள். இன்றைக்கு எவ்வளவு போட்டாள் என்பதை டிரம்மின் மேலேயே சாக்பீஸால் எழுதிவைப்பாள். அவள் எழுத்து பள்ளிக்கூடத்தில் இருந்ததைப் போலவே குண்டு குண்டாக இருந்தது.

மாசி தொடக்கத்தில் கூடாரத்துச் செடிகள் நெஞ்சு உயரம் வந்துவிட்டன. ஆனால் இலை கொஞ்சம் வெளிறிய பச்சை. அந்த ரகத்துக்கு அதுதான் நிறம், பாலித்தீன் வழியாக வரும் வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்று தங்கை சொன்னாள். நாங்கள் தலையை ஆட்டினோம். நெல் வைக்கிறவன் கண்ணுக்கு வெளிறிய பச்சை என்றால் ஒரே அர்த்தம்தான்: பயிர் பசியாக இருக்கிறது. பிள்ளை எவ்வளவு சாப்பிட்டேன் என்று சொன்னாலும் முகத்தைப் பார்த்துச் சோறு போடுகிற வீடு எங்களுடையது.

ஊத்துக்கோட்டை உரக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் தண்ணீரில் கரைகிற உரம் ஒன்றைக் கொடுத்தார். தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் பத்தொன்பது பங்காகச் சமமாக இருக்கும், 'ஆல் நைன்டீன்' என்பார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குத் திரும்பும்போது, அவள் வருவதற்கு முன்னால், டிரம்மைத் திறந்து நாலு கை போட்டுக் கலக்கினேன். சாக்பீஸ் எழுத்தைத் தொடவில்லை. அண்ணனாக ஏதோ செய்துவிட்ட திருப்தியோடு போய்ப் படுத்துத் தூங்கினேன். அடுத்த முறையும் போட்டேன். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

செடி கறுத்தது. அப்படி ஒரு கரும்பச்சை. தண்டு கட்டைவிரல் பருமன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பூவைக் காணோம். வந்த ஒன்றிரண்டும் காம்போடு உதிர்ந்தன. இலைகள் கீழ்ப்பக்கமாகச் சுருண்டு, ஓரம் கருகத் தொடங்கியது. சொட்டு விழும் இடத்தைச் சுற்றி மண்ணில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

தங்கை உரத்தைப் பாதியாகக் குறைத்தாள். செடி இன்னும் கறுத்தது. கால் பங்காக்கினாள். அப்படியும் கருகல் நிற்கவில்லை. தராசு தப்பாக இருக்குமோ என்று பக்கத்து மளிகைக் கடையில் கொண்டுபோய் எடைக்கல் வைத்துச் சரிபார்த்து வந்தாள். தராசு சரியாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "என் கைல எதுவும் வெளங்காது போல. அங்கியும் அப்படித்தான் ஆச்சு" என்றாள். அம்மா ரசம் ஊற்றினாள். நான் இன்னொரு அப்பளம் கேட்டேன். அந்த அப்பளத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் போட்டது போதவில்லை, அதனால்தான் பூக்கவில்லை என்று நினைத்து இன்னொரு பொட்டலம் வாங்கினேன்.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள் ஷிஃப்ட் சீக்கிரம் விட்டார்கள். விடிகிற நேரத்தில் கூடாரத்துக்குள் நுழைந்தேன். மூன்றாவது வரிசையில் அம்மா ஒரு வாளியோடு குனிந்துகொண்டிருந்தாள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து, ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பொட்டலத்தோடு நின்றேன். அவள் சொம்போடு நின்றாள். இருவரும் முழிக்கிறோம். அந்தக் கோடி வரிசையில் செடி அசைந்தது. பார்த்தால் அப்பா. வேட்டியை மடித்து மடியாகக் கட்டி, அதில் யூரியா.

"நீங்க இன்னா பண்றீங்க இங்க?" என்றாள் அம்மா.

"நீ இன்னா பண்றியோ அதான்" என்றார் அப்பா.

மூன்று பேரும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம், ஒருவரிடம் ஒருவர். கேட்டுப் பார்த்ததில், அப்பா மாசி முதலே மத்தியானம் அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் வந்து தூவியிருக்கிறார்; அன்றைக்கு மட்டும்தான் விடியலில் வந்தது. அம்மா வாரம் இரண்டு நாள். நான் மூன்று நாளைக்கு ஒருமுறை. ஒரு செடிக்கு நாலு பேர் உரம். குறைத்துப் போட்டவள் அவள் ஒருத்திதான். வரப்பில் உட்கார்ந்த அப்பா, "கொழந்த தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுட்டோமேடா" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடனே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினோம். உரம் போடுவதை மட்டும் நிறுத்தினோம். மண்ணில் ஏறிய உப்பு எங்கே போகும்? செடி அப்படியே நின்றது. பங்குனி கடைசி ஞாயிறும் வந்துவிட்டது.

மாமனார் ஒரு ஷேர் ஆட்டோவில் தனியாக வந்தார். மாப்பிள்ளை வரவில்லை. அம்மா காபி கொடுத்தாள். தங்கை அறையிலிருந்து வந்தாள். கையில் அந்த சூட்கேஸ் இருந்தது.

"பயிர் எப்டி இருக்குதும்மா?" என்றார் மாமனார்.

"வரல மாமா. ஒரு கூடை கூட தேறல. சொன்னது சொன்னதுதான். நான் வரேன்." குரல் நடுங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மார்க் சொல்வதைப் போலச் சொன்னாள்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "சம்மந்தி, பயிரு கெட்டதுக்கு அவ காரணம் இல்ல. நான் யூரியா போட்டேன். அவளுக்குத் தெரியாது."

"நானும் புண்ணாக்கு கரைச்சி ஊத்தினேன்" என்றாள் அம்மா.

"நானும்தான் மாமா. டிரம்முல ஆல் நைன்டீன் போட்டேன்" என்றேன் நான்.

மாமனார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வீடே வரிசையில் நின்று உரத் திருட்டை ஒப்புக்கொள்வதை அவர் எங்கே பார்த்திருப்பார்?

தங்கை சூட்கேஸைக் கீழே வைத்தாள். அப்பாவிடம் போனாள். "எவ்ளோ போட்ட நைனா?"

அப்பா இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார்.

"ஒரு வரிசைக்கா?"

"நாலு செடிக்கு."

"எத்தினி நாளா?"

"மாசிலேருந்து" என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் அவள் முகத்தில் இரண்டு மாத இறுக்கம் மெதுவாகத் தளர்ந்தது. தராசு சரி. அவள் கையும் சரி.

"மாமா, என் கைல எதுவும் வெளங்காதுன்னு நெனச்சிக்கினுதான் கெளம்பினேன். அது இல்லன்னு இப்பத்தான் தெரியுது. நான் வரல. கோச்சிக்காதீங்க" என்றாள்.

அவர் நல்ல மனிதர். காபியைக் கடைசி மடக்கு வரை குடித்துவிட்டு, டம்ளரை வைத்து, "கூப்புடணும்னு இருந்தா அவன்தானேம்மா வந்திருக்கணும்" என்றார். சாலைவரை நான் கூடப் போனேன். ஆட்டோ ஏறும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பயிர் அடியோடு போய்விடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாள் உரமே இல்லாமல் வெறும் தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்கினாள். அடர்ந்த இலையைக் கிள்ளிப் போட்டாள். வைகாசியில் பாதிச் செடி பூத்துக் காய்த்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. செடி பிழைக்காது என்றுதான் நினைத்தோம்.

அன்று சாயங்காலம் நாலு பேரும் கூடாரத்தில் இருந்தோம். அவள் குழாயைத் திறந்துவிட்டு, வரிசை வரிசையாகப் போய் மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அம்மாவும் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அப்பா அவள் பின்னாலேயே போனார். ஒரு வரிசை முழுவதும் போய், திரும்பி இன்னொரு வரிசையும் வந்தார். அவர் எதையோ சொல்லப் பார்க்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

"எங்கியும் போவாதம்மா. பயிர் வந்தாலும் வரலைன்னாலும் போவாத. நீ இங்கியே இரு" என்றார் கடைசியில்.

அவள் குனிந்தபடியே இருந்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டதில் மண் ஒட்டிக்கொண்டது.

"இத தையிலயே சொல்லியிருந்தா, செடி பாட்டுக்குப் பூத்திருக்கும் நைனா."