அப்போண்டி பாட்டை நிறுத்திய ஞாயிறு

எங்கள் ஏரிக்கரை ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலானால் பாருக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் எங்கள் குழு வாசிக்கும். ஒச்சொலா பாடிக்கொண்டே லீட் கிட்டார் வாசிப்பான். நான் தாழ்ந்த சுருதியில் அதிரும் பேஸ் கிட்டார். தேவாலயத்திலிருந்து நேராக வருகிறவர்கள், படகைக் கரையேற்றிவிட்டு ஈரக்காலோடு வருகிறவர்கள் என்று கொட்டகை நிறைந்துவிடும். மேடைக்கு நேர் எதிரே அப்போண்டி உட்கார்ந்த பிறகுதான் ஒச்சொலா முதல் தந்தியைத் தொடுவான்.

அப்போண்டி கரையில் மீன் வறுத்து விற்பவள். புருஷனை ஏரி கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்துவிட்டு, ஞாயிறன்று மஞ்சள் கவுனில் வருவாள்.

எங்கள் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு சூடு பிடித்திருக்கும்போது கேட்கிறவர் ஒருவர் கையைத் தூக்குவார். வாத்தியங்கள் தணியும். அவர் எழுந்து தன் பெருமையைத் தானே அளப்பார். கூட்டம் கத்தித் தீர்த்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் மொழியில் அதைப் பக்ருவோக் என்போம். அதில் அப்போண்டியை மிஞ்ச ஆள் கிடையாது.

"நிறுத்துங்கடா! யாருன்னு நெனச்சீங்க? அப்போண்டி! நான் சட்டிய அடுப்புல வச்சா, வாசம் புடிச்சு மீனே வரிசைல நிக்கும்! நான் குடை எடுக்க மாட்டேன், மழைதான் என்னயப் பாத்து ஒதுங்கும்! ஏய் ஒச்சொலா, வாயப் பொளக்காத, வாசி!"

கொட்டகையே அதிரும். அவளுடைய வாய்க்காகவே பக்கத்துத் தீவிலிருந்து ஆட்கள் படகேறி வந்தார்கள்.

அவளுக்குக் காசநோய் வந்தது. சாதாரண மாத்திரைக்கு அது கேட்கவில்லை. தினமும் ஊசி போட வேண்டும் என்றார்கள். அந்த ஊசி காதைக் கெடுக்கலாம் என்று நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டாள். கூடப் போயிருந்த நாத்தனார் அவூர் அழுதாளாம்.

"எதுக்குடி அழுவுற? செத்தவ காதுக்குப் பாட்டு கேக்குமா? போடச் சொல்லு" என்றாளாம் அப்போண்டி.

நோய் பிறருக்குத் தொற்றாது என்று ஆன பிறகு, ஊசி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிறு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். வழக்கமான இடத்தில் உட்காராமல், நாற்காலியை இழுத்து என் ஒலிபெருக்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒச்சொலா கிட்டார் வாசிச்சானா, சும்மா விரல ஆட்டுனானா?"

"வாசிச்சான். ஏன்?"

"எனக்கு அவன் வாசிச்சது ஒண்ணுமே கேக்கல. காதுக்குள்ள யாரோ தகரத்தச் சுரண்டுற மாதிரியே இருக்கு. உன்னோடது மட்டும்தான் கேக்குது. நீ தப்பு விடாம வாசி."

அன்று அவளுக்காகவே வாசித்தேன். அடுத்த வாரம் ஊசியை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். நிறுத்தியும் காது இறங்கிக்கொண்டே போனது. மழை பிடிப்பதற்குள் என் கிட்டாரும் அவளுக்குப் போய்விட்டது.

நோய் குணமாயிற்று. உடம்பு தேறி, மஞ்சள் கவுன் மறுபடியும் இறுக்கமானது. அவள் வந்த ஞாயிறு கொட்டகையே எழுந்து நின்று கை தட்டியது. பாட்டு பாதியில் கையைத் தூக்கினாள். நாங்கள் தணித்தோம்.

"நிறுத்துங்கடா! சாவு வந்து கதவத் தட்டுச்சு, மீன் தீந்துபோச்சு நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன்!"

குரல் அளவுக்கு மீறி ஓங்கியிருந்தது. ஆனாலும் கூட்டம் கொண்டாடியது. ஒச்சொலா பாட்டை எடுத்தான். அவள் உட்காரவில்லை. அடுத்த பெருமையைத் தொடங்கினாள், பாட்டுக்கு மேலேயே. ஒச்சொலா எங்களைப் பார்த்தான், நிறுத்தினோம். அவள் மூச்சு வாங்கினாள். முடித்துவிட்டாள் என்று மறுபடி தொடங்கினோம். அவள் மறுபடியும் கத்தினாள். பின்வரிசையில் ஒருவன் அவளைப் போலவே கையைத் தூக்கி வாயை வாயைத் திறந்து காட்டினான். சிரிப்பு கிளம்பியது. சிரிக்கும் முகங்களைப் பார்த்து அவளுக்கு உற்சாகம் கூடிவிட்டது. இடுப்பில் கை வைத்து இன்னும் ஓங்கிச் சொன்னாள்.

அப்போது அவூர் தலைத்துணி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுவதை அப்போண்டி கண்டாள். பாதி வார்த்தையில் நின்றாள். என் விரல்களைப் பார்த்தாள்.

"அண்ணே, பாட்டு ஓடிக்கிட்டா இருக்கு?"

கொட்டகை முழுக்கக் கேட்டது. நான் ஆமென்று தலையாட்டினேன். அவள் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை மடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு வரவேயில்லை. ஒச்சொலா போய் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். அவன் வாயசைவதைப் பார்த்துக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டாளாம்.

போன மாதம் கடையில் நான் சாப்பிடும்போது அவளே பேசினாள். இப்போது குரல் மிகவும் தணிந்துவிட்டது. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"மொதல்லெல்லாம் பழைய பாட்டு உள்ளுக்குள்ள ஓடும்ணே. சட்டி முன்னால நின்னுக்கிட்டே கேட்டுக்குவேன். இப்ப வார்த்தை மட்டும்தான் வருது. மெட்டு வரமாட்டேங்குது. ஒச்சொலா குரல் எப்படி இருக்கும்? கட்டைக் குரலா, கீச்சுக் குரலா?"

கையை மேலே காட்டினேன், கீழே காட்டினேன். எனக்கே அபத்தமாக இருந்தது. அவள் என் தட்டைக் காட்டினாள்.

"விடு. மீன் ஆறுது, சாப்பிடு."

நாங்கள் இப்போதும் ஞாயிறுதோறும் வாசிக்கிறோம். கூட்டமும் குறையவில்லை.